பொன்மொழியும் பழமொழியும்: இராமநாதபுரக் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணி ஓய்ந்த பிறகும் இந்த வேலை ஓயவில்லை. திருமண அழைப்பிதழின் தலைப்புக்கு ஒரு வரி, புதுப் படகின் அணியத்தில் (முன்பகுதியில்) எழுத ஒரு வரி, பள்ளிச் சுவருக்கு ஒரு வரி, நினைவஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒரு வரி என்று கேட்டு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் விடைகளை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பழமொழி, முதுமொழி, பொன்மொழி: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பொன்மொழிக்கு உரியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பழமொழிக்கு உரியது ஊர். முதுமொழி என்பது பழமொழிக்குத் தொல்காப்பியம் வழங்கும் பெயர். செய்யுளியலில் அதற்கு இலக்கணம் சொல்லும்போது நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, மென்மை ஆகியவற்றைக் கூறி, குறித்த பொருளை முடிப்பதற்குக் காரணமாக வருவது என்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கடைசியாகச் சொன்ன இந்தப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். பேச்சு ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதை முடித்து வைக்க வருவதுதான் பழமொழி. மூன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் ஒவ்வொரு வெண்பாவும் முதலில் ஒரு செய்தியைச் சொல்லி, அதற்குச் சான்றாகவே பழமொழியை வைக்கிறது. ஆகவே ஒரு வரி கேட்டு வருபவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப் போகிறீர்கள்?" என்பதுதான். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்களும் உண்டு.

"திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பது வள்ளுவர் சொன்னதுதானே?

இல்லை, அது ஔவையாரின் கொன்றைவேந்தன். கீழக்கரை, தொண்டி போன்று கடல்வழி வாணிகத்தில் வளர்ந்த ஊர்களில் இந்த வரிக்குத் தனி உரிமை இருப்பதால் அதைத் திருக்குறள் ஆக்கிவிடும் ஆசை பலருக்கு இருக்கிறது. எளிய சோதனை ஒன்று சொல்கிறேன்: குறளுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், ஆக ஏழு சீர். எண்ணிப் பார்த்து ஏழு வராவிட்டால் அது முழுக் குறள் அன்று.

இவ்வாறு இடம் மாறிப்போன வரிகள் இன்னும் சில உண்டு. "எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்" என்பதை ஔவையார் பெயரில் எழுதுகிறார்கள். அது அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கையில் வருவது. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்பது திருமூலரின் திருமந்திரம். அதை அரசியல் மேடைகள்வழி ஊரெங்கும் பரப்பியவர் அறிஞர் அண்ணா. "எழுமின், விழிமின்" என்று விவேகானந்தர் முழங்கியது உண்மை, ஆனால் அதன் வேர் கடோபநிடதத்தில் இருக்கிறது. அவர் பெயரில் நம் கரைக்கென்று ஒரு கருத்து வேண்டுமானால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1897 சனவரி 26 அன்று பாம்பன் கரையில் வந்திறங்கிய அவர், மறுநாள் இராமேசுவரம் கோயிலில் பேசும்போது, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையாகச் சிவனை வழிபடுகிறான் என்ற கருத்தைத்தான் எடுத்துரைத்தார். இந்த மண்ணில் நின்று சொன்ன சொல்லை விட்டுவிட்டு, எல்லாச் சுவர்களிலும் இருக்கும் வரியையே நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்பதன் பின்னணி என்ன? அதை எப்போது பயன்படுத்தலாம்?

இந்தக் கரையில் பிறந்து தமிழ்நாடு முழுவதும் வழங்கும் பழமொழி இது. கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரு வணிகர் செய்கு அப்துல் காதிர். மக்கள் நாவில் அந்தப் பெயர் சீதக்காதி ஆயிற்று. இவர் கிழவன் சேதுபதியின் நண்பர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் துணை நின்றவர். படிக்காசுப் புலவர் இவரைப் பாடிய பாடல் ஒன்று, "ஓர்தட்டிலே பொன்னும் ஓர்தட்டிலே நெல்லும் ஒக்கவிற்கும் கார்தட்டிய பஞ்ச காலத்திலே" என்று தொடங்குகிறது. தராசின் ஒரு தட்டில் பொன்னையும் மறு தட்டில் நெல்லையும் வைத்தால் விலை சமமாக நிற்கும் பஞ்சம் அது. அந்தக் காலத்திலும் அன்னதானத்துக்கு மார்தட்டி நின்றவர் என்பது பாட்டின் பொருள். மழை பொய்த்தால் நெல் என்ன விலைக்குப் போகும் என்பதை அறிந்த மாவட்டத்துக்கு இந்த உவமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பழமொழிக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு கதை. பரிசு பெறலாம் என்று நம்பி வந்த புலவர், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டு, அடக்கத்தலத்தில் நின்று கதறிப் பாடினார். அப்போது மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பார்கள். கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். இறந்த பிறகும் பிறருக்குப் பயன்படுகிறவரைப் பற்றிச் சொல்லும்போது, குறிப்பாகக் கண்தானம் செய்தவரின் நினைவஞ்சலியில், இந்த வரி மிகவும் பொருந்தும்.

ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு நிறையச் செய்திருந்த பெரியவர் ஒருவர் மறைந்தபோது, உறவினர் இந்த வரியைத்தான் சுவரொட்டிக்குக் கேட்டு வாங்கிச் சென்றார்கள். மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் பார்த்தேன்: 'கொ'வின் துணைக்கால் அச்சில் விழுந்துபோய், "செத்தும் கெடுத்தான்" என்று நின்றது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திணற, அந்த வீட்டுப் பையன் ஒருவன் கறுப்புப் பேனாவோடு சுவர் சுவராக ஓடித் துணைக்கால் போட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து, அச்சுக்குப் போகும் முன் படியை எனக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போகும்படி எல்லாரிடமும் சொல்கிறேன்.

திருமண அழைப்பிதழில் போடக் காதலைப் பற்றிய நல்ல வரி எது? கடல் வருவதாக இருந்தால் நன்று.

முதலில், கடல் வர வேண்டும் என்ற ஆசையில் ஒரு கண்ணி இருக்கிறது. சங்க இலக்கியத்தில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் திணை. நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல், அதாவது பிரிவை எண்ணி வருந்துதல். ஆகவே கடல் அழகாக வரும் காதல் பாட்டைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் அழுகையில்தான் போய் நிற்கும். மாப்பிள்ளை ஒருவர் "கல்பொரு சிறுநுரை போல" என்ற தொடரை எங்கோ படித்து, அலையும் பாறையும் நுரையும் இருக்கிறதே என்று மகிழ்ந்து, அதையே அச்சிட வேண்டும் என்றார். குறுந்தொகை 290ஆம் பாட்டு அது. காதலரைக் காணாவிட்டால், பெருநீரில் கல்லில் மோதும் சிறு நுரை போல "மெல்ல மெல்ல இல்லாகுதுமே" என்று தலைவி சொல்கிறாள். முழுப் பாட்டையும் படித்துக் காட்டியபோது அவருடைய தாயார், "நல்ல நாளும் அதுவுமா, வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டார். திருக்குறளில் 1164ஆம் பாட்டும் அப்படித்தான்: காமம் என்னும் கடல் இருக்கிறது, அதை நீந்திக் கடக்கப் புணை (தெப்பம்) இல்லை என்கிறது. படிக்கச் சிறந்த வரிகள் இவை, அழைப்பிதழுக்கு ஆகாதவை.

பொருந்துவது குறுந்தொகையின் 40ஆம் பாட்டுத்தான். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு என்று தொடங்கி, "செம்புலப் பெயல்நீர் போல, அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்று முடிகிறது. இதை எல்லாரும் போடுகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு என் விடை: எல்லாரும் போடுகிறார்கள், பொருள் அறிந்து போடுகிறவர் குறைவு. எங்கள் தீவின் வெண்மணலில் மழை விழுந்தால் நிறம் மாறாது, மணல் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் பாம்பன் பிள்ளைகளுக்கு இந்த உவமை பிடிபடவே இல்லை. ஒருமுறை உள்நாட்டிலிருந்து ஒரு பிடி செம்மண் கொண்டுவந்து, கண்ணாடிக் குவளையில் இட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நீர் சிவந்தது. "இப்போது இதிலிருந்து தண்ணீரை மட்டும் பழையபடி எடுங்கள்" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒருத்தி, "காலைவரைக்கும் வச்சிருந்தா மண்ணு கீழ தங்கிரும், சார்" என்றாள். புலவர் அந்த விடையை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மேற்சொன்ன இரண்டு குறுந்தொகைப் பாட்டுகளையும் பாடியவர்களின் இயற்பெயர் மறைந்துவிட்டது. ஒருவர் செம்புலப்பெயனீரார், மற்றவர் கல்பொருசிறுநுரையார். சொன்ன சொல்லே பெயராக நின்றுவிட்டது.

ஊரார் வாயில் விழுந்து, பிறகு பெற்றோர் சம்மதித்து நடக்கும் காதல் திருமணமாக இருந்தால், நம் கரையிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. அகநானூறு 70இல், இருவரைப் பற்றி ஊர் அலர் பேசிக்கொண்டே இருக்கிறது. திருமணம் உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. எப்படி அடங்கியது என்றால், பாண்டியரின் தொன்முது கோடியில், முழங்கும் கடலின் துறையில், இராமன் மறை ஆராய்ந்தபோது பறவைகளின் ஒலி அவிந்த ஆலமரம் போல என்கிறார் மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார். அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். "ஒலியவிந் தன்றுஇவ் அழுங்கல் ஊரே" என்று அழைப்பிதழில் அச்சிட்டு ஊராருக்கே கொடுக்கும் துணிச்சல் இதுவரை ஒரே ஒரு மணமகளுக்குத்தான் வந்தது.

படகிலும் கடல் தொழில் செய்யும் இடங்களிலும் எழுத, உழைப்பைப் பற்றிய வரி எது?

பெரும்பாலோர் கேட்பது 619ஆம் குறள்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." நல்ல தேர்வு. கூலி என்ற சொல் கரைவலை இழுக்கிறவருக்கும் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் நேராகப் போய்ச் சேரும்.

நிலத்தில் பிறந்த பழமொழிகளை நீருக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். "அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்று, தயங்குகிறவனைத் தூண்டச் சொல்கிறோம். இதை ஒரு வல்லத்தில் (நாட்டுப் படகில்) எழுதலாமா என்று சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "அது குளிக்க வந்தவுகளுக்குச் சொன்னது, சார். எங்களுக்கு அலை ஓஞ்சாத்தான் தொழில்." கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) வடகடல். எந்தக் காற்றில் எந்தக் கரையிலிருந்து படகு இறக்குவது, எப்போது இறக்காமல் இருப்பது என்பதே அவர்களுடைய அறிவு. இன்னொரு வேடிக்கை, பக்தர்கள் தலை முழுகும் அக்னி தீர்த்தத்தில் கடல் பெரும்பாலும் குளம்போலவே கிடக்கும்.

"குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்பதையும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள், மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வீட்டிலிருந்து வலை பொத்திக்கொண்டிருப்பவரிடம் அந்தப் பழமொழியைச் சொன்னால், சொன்னவருக்குத்தான் இழிவு.

இடமறிந்து செயல்படுவதைச் சொல்லும் குறள் ஒன்று கடலை வைத்து இருக்கிறதாமே?

496: "கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து." வலிய சக்கரங்களை உடைய நெடிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. பாம்பனில் இதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது எழுந்து, "நம்ம ஊர்ல ரயில் கடல் மேலதான சார் ஓடுது" என்று கேட்கும். 1914இலிருந்து ஓடியது, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இன்றும் ஓடுகிறது. வள்ளுவரை நம் ஊர் வென்றுவிட்டது என்று வகுப்பே கைதட்டும். கைதட்டல் அடங்கியதும் 1964 டிசம்பர் 22 இரவைச் சொல்வேன். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகில் கடல் அப்படியே எடுத்துக்கொண்ட இரவு அது. அதில் உறவுகளை இழந்த வீடுகள் சிலவற்றின் பெயர்கள் பிள்ளைகளுக்கே தெரியும். குறளுக்கு அதற்குமேல் உரை சொன்னதில்லை.

"தண்ணியில்லாக் காடு" என்று நம் மாவட்டத்தைச் சொல்வது இழிவுதானே?

அரசு ஊழியரைத் தண்டனையாக மாற்றும்போது வழங்கிய சொல் அது. சொன்னவர் எண்ணத்தில் இழிவு இருந்தது. ஆனால் அதே மாவட்டத்துக்கு, இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைக் குறிக்கும் "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்ற வழக்கும் உண்டு. கரைக்குக் கரை பறக்க முடியாமல் நாரையே சோர்ந்துபோகும் அகலமாம். மழை குறைந்த மண்ணில் கண்மாய் வெட்டிப் பிழைத்தவர்களின் சொல் அது. உத்தரகோசமங்கையின் பழமையைச் சொல்லும் "மண் முந்தியோ, மங்கை முந்தியோ" என்பதும் நம்முடையதே. வெளியூர்க்காரர் முதல் சொல்லை எடுத்தால், இரண்டாவதை எடுங்கள். "இராமேசுவரம் போனாலும் சனீசுவரன் விடாது" என்பதற்கு மட்டும் எதிர்ச்சொல் ஏதும் என்னிடம் இல்லை. சொல்கிறவரோடு சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பதில் குதிரை அன்று, "குதிர்" என்கிறார்களே?

குதிர் என்றால் ஆற்றிடை மணல்மேடு, அதை நம்பி இறங்கக் கூடாது என்பது பொருள் என்று விளக்கம் சொல்கிறார்கள். மணல் தீடைகள் இடம் மாறுவதைக் கண்ட நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். எனினும் மண்ணால் செய்த குதிரை நீரில் கரையும் என்ற நேர்ப்பொருளே போதுமானது. ஐயனார் கோயில் வாசலில் மண் குதிரைகளைக் கண்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. ஒவ்வொரு பழமொழிக்கும் மறைபொருள் ஒன்றைத் தோண்டி எடுக்கும் இன்றைய பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அப்துல் கலாம் பெயரில் பரவும் பொன்மொழிகள் எல்லாம் அவர் சொன்னவைதானா?

எல்லாம் அல்ல. கனவைப் பற்றியதாக எது இருந்தாலும் அவர் படத்தின் கீழே போட்டுவிடுகிறார்கள். உறங்கவிடாமல் செய்வதே கனவு என்ற கருத்துடைய வரி சுவருக்குச் சுவர் வேறு வேறு சொற்களில் இருப்பதைப் பேக்கரும்பில் உள்ள அவருடைய நினைவிடத்துக்குப் போகும் வழியிலேயே பார்க்கலாம். எந்த உரையில், எந்த ஆண்டில் என்று குறிப்பு இருந்தால் மட்டும் அவர் பெயரை இடுங்கள். இல்லையென்றால் வரியை எழுதுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

உறுதியாகத் தெரிந்த ஒன்று வேண்டுமா? 2007 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது அவர் எடுத்துச் சொன்னது "யாதும் ஊரே யாவரும் கேளிர்." கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பர், 1985 வரை அது பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த பகுதி. அந்தப் புறநானூற்றுப் பாட்டில் (192) சுவரில் எழுதப்படாத இடம் ஒன்று உண்டு. ஆற்று நீரின் போக்கில் செல்லும் புணை போல உயிர் முறைவழிச் செல்லும் என்று அறிந்ததால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார். எனக்கு முதலடியைவிட இதுவே நெருக்கம்.

எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கு ஒரு வரி?

தாயுமானவர்: "எல்லோரும் இன்புற் றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன் றறியேன் பராபரமே." அவருடைய சமாதி இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில்தான் இருக்கிறது.

கலை, படைப்பு பற்றி?

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்ற ஔவையார் தனிப்பாடல். படகில் எழுத்து எழுதுகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அணியத்தின் பலகை வளைந்து வளைந்து போகும். அளவுகோல் அங்கே படியாது. சுண்ணாம்புக் கட்டி தேய்த்த நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டி ஒரு கோடு போட்டுக்கொண்டு, வளைவு கூடும் இடத்தில் எழுத்தைச் சற்று அகலமாக்கி, தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு நேராகத் தெரியும்படி எழுதுகிறார். எப்படி அளந்தீர்கள் என்றால், "கை அளந்துக்கிரும்" என்கிறார். ஆனால் பாட்டின் பின்பாதியையும் படிக்க வேண்டும்: நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம் என்கிறது. அதை நான் முழுதும் ஏற்கவில்லை. அவையும் பழகினால் வருவதைப் பள்ளியில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாட்டி சொல்லும் சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது பழமொழி ஆகுமா?

பாட்டி அதை யாரிடமிருந்தோ கேட்டிருந்து, நீங்களும் சொல்லிக்கொண்டிருந்தால் ஆகும். கிறித்தவ மறைப்பணியாளர்களான பெர்சிவல் 1842இல் யாழ்ப்பாணத்திலும், ஜென்சன் 1897இலும் ஆயிரக்கணக்கில் தொகுத்து அச்சிட்டார்கள். ஆனாலும் அச்சேறாதவை இன்னும் கரையில் இருக்கின்றன. எழுதி வைக்கும்போது சொல்லை மட்டும் எழுதாமல், எதைச் செய்துகொண்டிருக்கும்போது, யாரைப் பார்த்து, கோபத்திலா கேலியிலா சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பாட்டியின் உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். என் பழைய மாணவி ஒருத்தி, தன் பாட்டி கருவாடு காயவைத்துக்கொண்டே பேசுவதை நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறாள். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் அன்றைய மாதத்தையும், கச்சானா வாடையா கொண்டலா என்று காற்றின் பெயரையும் குறித்துவிட்டுத்தான் தொடங்குகிறாள். காற்று மாறினால் பாட்டியின் பேச்சும் மாறுகிறதாம். இப்போது இரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறாள்.